சிங்கப்பூரிலிருந்து காட்டுத்தீ அணைக்கும் பருவ வேலைக்கு: முதல்முறை போகிறவர்களுக்கு

தேசிய சேவையைக் குடிமைத் தற்காப்புப் படையில் முடித்த தம்பிகள் அடிக்கடி என்னிடம் கேட்பது ஒன்றுதான். "அண்ணே, ஆஸ்திரேலியாவில காட்டுத்தீ அணைக்கிற வேலைக்கு நம்மளை எடுப்பாங்களா?" நான் மெல்பர்னில் படிக்கப் போய், நிரந்தரவாசம் கிடைத்த பிறகு, விக்டோரியா மாநிலத்தில் மூன்று கோடைக்காலம் இந்த வேலை பார்த்தவன். இப்போது ஈசூனில் இருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகப் பதில் போடுவதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்த வேலையில் தண்ணீர் குறைவு. தீயணைப்பு நிலையத்தில் பழகிய நமக்குத் தீ என்றால் குழாய், அழுத்தம், தண்ணீர். மலைக்காட்டில் சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே தீ எரியும்போது குழாயை எங்கே போய் மாட்டுவது? அதனால் தீக்குத் தீனி கிடைக்காமல் செய்கிறோம். தீயின் ஓரமாகவே நடந்து, இலைதழை, சுள்ளி, புல், வேர் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, வெறும் மண் தெரிகிற மாதிரி ஒரு பாதை வெட்டுகிறோம். அதற்கான கருவியின் பெயர் ரேக்ஹோ. ஒரு பக்கம் பல்வாரி, மறுபக்கம் களைக்கொத்து. இடம் கிடைத்தால் புல்டோசர் இதே வேலையைச் செய்யும், கிடைக்காத இடத்தில் நாம் செய்வோம். மண் தெரியாமல் ஒரு சாண் அகலத்துக்கு இலைச்சருகு விட்டுவிட்டால்கூடப் போதும், தீ அதன் வழியாக மெதுவாக நடந்து அந்தப் பக்கம் போய்விடும். ஒருநாள் முழுக்க வெட்டிய பாதை அப்படி ஒரு இடத்தில் வீணாகிப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

நமக்கும் காட்டுத்தீக்கும் தொடர்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2014 ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாள் வறட்சி, அப்போது இங்கேயே லாலாங் புல்லும் காய்ந்த புதரும் பற்றி எரிந்தன. 2013 ஜூன் 21 அன்று காட்டுத்தீப் புகைமூட்டத்தில் காற்று மாசுக் குறியீடான பிஎஸ்ஐ 401 வரை போனதை யாரும் மறந்திருக்க முடியாது. 2015இல் குடிமைத் தற்காப்புப் படையினர் தெற்கு சுமத்ராவின் பலெம்பாங்குக்கே போய் உதவினார்கள். 2020 ஜனவரியில் விக்டோரியா எரிந்தபோது நம் ஆகாயப்படையின் இரண்டு சினூக் ஹெலிகாப்டர்கள் போயின. ஆக, வேலை நமக்கு அந்நியமில்லை. நிலம்தான் அந்நியம்.

எந்த நாடு, எந்த விசா

இந்தக் கேள்வியில் பாதிப் பேர் கழிந்துவிடுவார்கள், அதனால் கனவை வளர்க்கும் முன்பே இதைப் பாருங்கள்.

அமெரிக்கா: மத்திய அரசின் வனத்துறை வேலைகளுக்கு அந்நாட்டுக் குடியுரிமை வேண்டும். அங்கே வேலை செய்யும் அனுமதி ஏற்கெனவே இருப்பவர்கள் தனியார் ஒப்பந்தக் குழுக்களைப் பார்க்கலாம். நம்மில் மிகப் பெரும்பாலோருக்கு இந்தக் கதவு இல்லை. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா போன்ற மாகாணங்கள் ஒவ்வொரு ஆண்டும் இளைஞர்களைப் பருவ வேலைக்கு எடுக்கின்றன, ஆனால் சட்டப்படி அங்கே வேலை செய்யும் உரிமை முதலில் கையில் இருக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாதான் நமக்கு நடைமுறையில் கைக்கெட்டுவது. நிரந்தரவாசிகளுக்கும் குடிமக்களுக்கும் சிக்கல் இல்லை. 18 முதல் 30 வயது வரை உள்ள சிங்கப்பூரர்கள் வேலையும் விடுமுறையும் சேர்ந்த 462 வகை விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குப் படிப்புத் தகுதியும் ஆங்கிலத் தகுதியும் உண்டு, ஒரே முதலாளியிடம் இருப்பதற்கு 6 மாதம் என்ற பொதுவான வரம்பும் உண்டு. தற்காலிக விசாக்காரர்களை எடுப்பதா இல்லையா என்பது அமைப்புக்கு அமைப்பு மாறும். அந்த ஆண்டின் வேலை அறிவிப்பில் 'வேலை செய்யும் உரிமை' என்ற பத்தியை வரி வரியாகப் படித்துவிட்டு, புரியாவிட்டால் தொலைபேசியில் கேட்டுவிட்டு, அப்புறம் விசாவுக்குப் பணம் கட்டுங்கள். முதலில் விசா எடுத்துவிட்டு அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று போனவர்களில் பலர் கடைசியில் பழம் பறிக்கும் வேலையில் சேர்ந்தார்கள். அது நல்ல வேலைதான், ஆனால் அவர்கள் தேடிப் போனது அதுவல்ல.

படிக்கப் போகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு, தன்னார்வப் படை. விக்டோரியாவில் சிஎஃப்ஏ என்ற நாட்டுப்புறத் தீயணைப்பு ஆணையம், நியூ சவுத் வேல்ஸில் ஊரகத் தீயணைப்புச் சேவை. இரண்டும் பெரும்பாலும் தன்னார்வலர்களால் நடப்பவை. சம்பளம் கிடையாது, ஆனால் பயிற்சி முழுமையாகக் கிடைக்கும். புறநகரில் வசித்தால் பக்கத்து நிலையத்துக்கு ஒரு மாலை நேரத்தில் நேரில் போய்ப் பேசுங்கள். மின்னஞ்சலைவிட அது பலமடங்கு வேலை செய்யும்.

விக்டோரியாவின் பொது நிலங்களில் தீயைப் பார்த்துக்கொள்வது வனத்தீ மேலாண்மை அமைப்பு. அது பருவத்துக்கென்று எடுப்பவர்களை 'பிராஜெக்ட் ஃபயர்ஃபைட்டர்' என்று அழைக்கிறார்கள். வேலை சுமாராக அக்டோபர், நவம்பரில் தொடங்கி மார்ச், ஏப்ரல் வரை. விண்ணப்பம் திறப்பது ஆண்டின் நடுப்பகுதியில், அங்கே குளிர்காலத்தில். நம் ஆட்கள் டிசம்பரில் செய்தியில் தீயைப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்கக் கிளம்புகிறார்கள். அப்போது தேர்வு, மருத்துவச் சோதனை, பயிற்சி எல்லாம் முடிந்து குழு வேலையிலேயே இருக்கும். மே மாதத்திலிருந்தே அறிவிப்புகளைப் பார்க்கத் தொடங்குங்கள்.

தேசிய சேவையாளர்கள் வெளிநாட்டில் தங்கும் அனுமதி விதிகளையும் மறுபயிற்சி அழைப்பு எப்போது வரும் என்பதையும் பயணச்சீட்டு வாங்கும் முன் பார்த்துவிடுங்கள். அங்கே நடுக்காட்டில் இருக்கும்போது இங்கே வீட்டுக்கு அழைப்புக் கடிதம் வந்து நிற்கக் கூடாது.

ஓட்டுநர் உரிமத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே எல்லோரும் எளிது என்று தானியங்கி கியர் வண்டிக்கான 3ஏ எடுக்கிறார்கள். நீங்கள் 3ஆம் வகுப்பே எடுங்கள், கியர் வண்டி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். நாங்கள் ஓட்டியது பின்னால் தண்ணீர்த் தொட்டியும் பம்ப்பும் ஏற்றிய லேண்ட் குரூசர், மண்பாதையில், சரிவில், கைகியரில்.

உடம்பைத் தயார் செய்வது

தேர்வு எளிமையானது, அதனால்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். 20.4 கிலோ எடையை உடம்பில் கட்டிக்கொண்டு 4.83 கிலோமீட்டரை 45 நிமிடத்துக்குள் நடந்து முடிக்க வேண்டும். அமெரிக்காவின் மூன்று மைல், 45 பவுண்டுத் தேர்வுதான் இது, அப்படியே மெட்ரிக்கில். ஓடக் கூடாது, நடக்கத்தான் வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் அளவுகோல் ஒன்றே.

கணக்குப் போட்டால் ஒரு கிலோமீட்டருக்கு 9 நிமிடம் 19 வினாடி. வெறும் கையோடு நடந்தாலே அது வேகமான நடை. தேசிய சேவை உடற்தகுதித் தேர்வின் 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தில் தங்கம் வாங்கியவர்கள்கூட இதில் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் ஓடும் கால் வேறு, சுமக்கும் கால் வேறு. முழங்காலுக்குக் கீழே முன்புறத் தசை மூன்றாவது கிலோமீட்டரில் கல்லாகிவிடும்.

நான் செய்தது இதுதான். தேக்காவில் 5 கிலோ பொன்னி அரிசிப் பைகள் வாங்கினேன். முதல் இரண்டு வாரம் ஒரு பை, பிறகு இரண்டு, பத்தாவது வாரத்தில் நான்கு. பைகளைத் துணியில் சுற்றி முதுகுப்பையில் மேலே வரும்படி வைக்க வேண்டும், கீழே தொங்கினால் இடுப்பு போய்விடும். வாரத்தில் இரண்டு நாள் பூங்கா இணைப்புப் பாதையில் சமதள நடை, ஒரு நாள் படிக்கட்டு. நம் வீவக அடுக்குமாடி புளோக்குகள்போல ஒரு பயிற்சிக்கூடம் உலகத்தில் வேறெங்கும் கிடைக்காது. 25 மாடி ஏறி, மின்தூக்கியில் இறங்கி, மறுபடி ஏறலாம். இறங்கும்போது படியில் இறங்கினால் முழங்கால் தேயும் என்பதால் மின்தூக்கி. ஞாயிற்றுக்கிழமை புக்கிட் தீமா. அது 164 மீட்டருக்குக்கூட வராது, ஆனால் திரும்பத் திரும்ப ஏறினால் மலை மலைதான்.

மூன்று மாதம் இல்லாமல் இதைத் தொடங்காதீர்கள். அவசரமாக எடை ஏற்றிக் காலெலும்பில் விரிசல் வாங்கிக்கொண்டால் அந்தப் பருவமே போய்விடும்.

வெயிலைப் பற்றி நம்மிடம் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. நாமெல்லாம் வெயிலில் வளர்ந்தவர்கள், தாங்குவோம் என்று. நம் ஊர் 32 டிகிரியில் சட்டை தொப்பலாக நனைந்துவிடும், அதனால் தண்ணீர் குடிக்கத் தோன்றும். அங்கே 40 டிகிரியில் காற்றில் ஈரமே இருக்காது. வேர்வை வந்த கணத்தில் காய்ந்துவிடும், சட்டை உலர்ந்தே இருக்கும், நாம் வேர்க்கவேயில்லை என்று நினைத்துக்கொண்டிருப்போம். என் முதல் வாரத்தில் மதியம் மூன்று மணிக்குத் தலைவலி, நாலு மணிக்கு வாந்தி. குழுத் தலைவர் என் சட்டையின் தோள்பட்டையில் வெள்ளையாகப் படிந்திருந்த உப்பைக் காட்டினார். அதற்குப் பிறகு தாகம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நான்கைந்து மிடறு குடிப்பதை வழக்கமாக வைத்துக்கொண்டேன். உப்புக் கரைசல் பொட்டலம் எப்போதும் பையில்.

இங்கேயே கற்றுக்கொள்ளக்கூடியவை

தேசிய சேவையில் தீயணைப்பாளராக இருந்தவர்களுக்குப் பாதிப் பாடம் முடிந்தது. மற்றவர்கள் குடிமைத் தற்காப்புத் துணைப் படையில் தொண்டூழியராகச் சேரலாம். சீருடை போட்டு, பயிற்சி பெற்று, நிலையத்தில் குழுவினரோடு பணிபுரியும் வாய்ப்பு அது. நேர்காணலில் 'குழுவோடு வேலை செய்த அனுபவம்' என்று கேட்கும்போது வாயால் சொல்வதற்கு ஒன்று கிடைக்கிறது என்பது மட்டுமல்ல, இரவு மூன்று மணிக்கு எழுப்பினால் எழுந்து ஓட உடம்பு ஒத்துக்கொள்கிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். முதலுதவிச் சான்றிதழ் எடுங்கள். அங்கே போய் அவர்கள் முறைப்படி மறுபடி எடுக்க வேண்டி வந்தாலும் கை பழகியிருக்கும்.

வானொலித் தொடர்பில் பேசும் ஆங்கிலத்துக்குக் காதைப் பழக்குவதை யாரும் சொல்லித் தருவதில்லை. இரைச்சல், கிராமத்து ஆஸ்திரேலிய உச்சரிப்பு, கேள்விப்படாத ஓடைப் பெயர்கள், எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழும். நம் வழக்கம் புரியாவிட்டாலும் தலையாட்டுவது, பெரியவர்கள் முன்னால் திரும்பக் கேட்பது மரியாதைக்குறைவு என்று வளர்ந்திருக்கிறோம். அந்தப் பழக்கத்தை விமானம் ஏறும் முன்பே விட்டுவிடுங்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், புரியாவிட்டால் "மறுபடி சொல்லுங்கள்" என்று சொல்ல வேண்டும். வண்டிகளை எந்தப் பாதையில் நகர்த்துகிறார்கள் என்பது புரியாமல் நான் ஒருமுறை "சரி" என்று சொல்லிவிட்டேன். பத்து நிமிடம் கழித்து வண்டி இருக்கிறது என்று நான் நினைத்த இடத்தில் வண்டி இல்லை. அன்றைக்குத் தீ அமைதியாக இருந்ததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பையில் என்ன

தீயணைப்பு உடை, தலைக்கவசம், கையுறை, கண்ணாடி எல்லாம் கொடுத்துவிடுவார்கள். நீங்கள் கவலைப்பட வேண்டியது உள்ளே போடுவதைப் பற்றி. உள்ளாடை, பனியன், காலுறை எல்லாம் பருத்தியாகவோ கம்பளியாகவோ இருக்க வேண்டும். நாம் ஓடுவதற்குப் போடும் வழவழப்பான சட்டைகள் செயற்கை இழை, வெப்பத்தில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கம்பளிக் காலுறை குறைந்தது ஆறு ஜோடி. தோல் பூட்ஸ் கையில் கிடைத்த நாளிலிருந்தே வீட்டிலும் கடைக்கும் அதைப் போட்டுக்கொண்டே திரியுங்கள். புது பூட்ஸோடு மலையேறினால் முதல் நாளே குதிகால் உரிந்துவிடும். மலையில் கோடையிலும் இரவு குளிரும், ஒரு கம்பளிச் சட்டை வேண்டும். தலைவிளக்குக்கு மாற்று பேட்டரி, நெற்றித்துணி, பாதத்துக்கு ஒட்டும் பட்டை, அவ்வளவுதான். மீதியைச் சுமக்க வேண்டியவர் நீங்கள்தான்.

வீட்டில் இட்லிப்பொடி, ஊறுகாய், கறிவேப்பிலை என்று கட்டித் தருவார்கள். ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் உணவுப்பொருள் எதுவானாலும் அட்டையில் அறிவித்துவிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலையை இங்கேயே விட்டுவிடுங்கள். மறைத்தால் அபராதம் பெரிது, விசாவுக்கும் ஆபத்து. சைவம் சாப்பிடுகிறவர்கள் பயிற்சியின் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். முகாமில் நூறு பேருக்குச் சமைத்து அனுப்பும்போது கடைசி நேரத்தில் சொன்னால் ரொட்டியும் ஆப்பிளும்தான் கிடைக்கும். பன்னிரண்டு மணி நேர வேலைக்கு அது காணாது.

தீயைப் படிக்கக் கற்பது

பயிற்சி வாரத்தில் கருவி, பம்ப், குழாய், வரைபடம் எல்லாம் சொல்லித் தருவார்கள். அதையெல்லாம் நான் இங்கே எழுதப் போவதில்லை, கையில் பிடித்தால் வந்துவிடும். தீ எப்படி நடந்துகொள்ளும் என்ற பாடத்தில் மட்டும் தூங்காமல் உட்காருங்கள்.

தீ மேட்டில் வேகமாக ஏறும். சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், 20 டிகிரியில் நான்கு மடங்கு. நாம் மேட்டில் மெதுவாகப் போவோம், தீ வேகமாகப் போகும், ஆகவே தீக்கு மேலே மலைச்சரிவில் நிற்பது எப்போதுமே தவறு. அடுத்தது, எரிவதைத் தீர்மானிப்பது பெரிய மரம் அல்ல, சிறிய சருகு. பென்சிலைவிட மெல்லிய சுள்ளி, இலை, புல், இவைதான் தீயை ஓட வைக்கின்றன, இவை எவ்வளவு காய்ந்திருக்கின்றன என்பதைக் காற்றின் ஈரம் மணிக்கு மணி மாற்றும். காலையில் பற்றவே மறுத்த அதே சருகு மதியம் இரண்டு மணிக்குக் காகிதம் மாதிரி எரியும். யூகலிப்டஸ் மரப்பட்டை நார் நாராக உரிந்து, எரிந்துகொண்டே காற்றில் பறந்து, தீக்கு வெகுதூரம் முன்னால் போய் விழுந்து புதுத் தீ மூட்டும். 2009இல் முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால்கூட அப்படி விழுந்திருக்கிறது.

இதையெல்லாம்விடப் பெரியது காற்றுத் திருப்பம். விக்டோரியாவின் மோசமான நாட்களில் காலையிலிருந்து வடக்கிலிருந்து பாலைவனச் சூட்டுக் காற்று அடிக்கும். தீ ஒரு நீண்ட சுருட்டு வடிவத்தில் தெற்கு, தென்கிழக்காக ஓடும். தலை, அதாவது வேகமாக ஓடும் முன்முனை, குறுகலாக இருக்கும், பக்கவாட்டு நீளமாக இருக்கும். பக்கவாட்டில் தீ மந்தமாக இருப்பதால் நாம் பெரும்பாலும் அங்கேதான் வேலை செய்வோம். மாலையில் குளிர்காற்று வந்து, சில நிமிடங்களில் காற்று திரும்பித் தென்மேற்கிலிருந்து அடிக்கும். அந்த நீண்ட கிழக்குப் பக்கவாட்டு முழுவதும் ஒரே நேரத்தில் தலையாகிவிடும். அதாவது பத்து கிலோமீட்டர் நீளத்துக்கு மந்தமாகக் கிடந்த தீ, பத்து கிலோமீட்டர் அகலத்துக்கு உங்களை நோக்கி ஓடிவரும்.

நமக்கு சுமத்ரா காற்று தெரியும். விடிகாலையில் சன்னல் கதவு திடீரென்று அடித்துக்கொள்ளும், காற்று சில்லென்று மாறும், அம்மா துணி எடுக்க ஓடுவார். அதே மாதிரிதான், ஆனால் அங்கே பின்னால் மழை வரும் என்று நம்ப முடியாது. குளிர்ந்த காற்று முகத்தில் பட்டதும் நமக்கு இதமாக இருக்கும், அந்த இதம்தான் ஆபத்து. 1998 டிசம்பர் 2 அன்று லிண்டன் என்ற ஊரில் இப்படிக் காற்று திரும்பியபோது ஒரு வண்டியிலிருந்த ஐந்து தன்னார்வலர்கள் இறந்தார்கள். 2009 பிப்ரவரி 7, மெல்பர்னில் 46.4 டிகிரி, அன்றைய தீக்களில் 173 பேர் போனார்கள். அன்றும் மாலையில் காற்று திரும்பியது. இந்த இரண்டு நாட்களையும் பயிற்சியில் நிதானமாகச் சொல்லித் தருவார்கள். சொல்லித் தருகிறவர்களில் சிலர் அங்கே இருந்தவர்கள். அவர்கள் குரலைக் கவனியுங்கள்.

அதனால் காலை விளக்கக் கூட்டத்தில் ஒரு எண்ணைக் கையில் எழுதிக்கொள்ளுங்கள்: இன்று காற்று எத்தனை மணிக்குத் திரும்பும்? அந்த நேரத்துக்கு முன்பே எங்கே இருக்க வேண்டும்? அமெரிக்கத் தீயணைப்பாளர் பால் கிளீசன் 1991இல் நான்கே விஷயங்களாகச் சுருக்கித் தந்தார். கண்காணிக்க ஒருவர், தொடர்பு, தப்பும் வழி, பாதுகாப்பான இடம். ஆஸ்திரேலியாவில் இவற்றோடு விழிப்புணர்வையும் சேர்த்து ஐந்தாகச் சொல்வார்கள். நடைமுறையில் நான் செய்தது, வேலை செய்யும் இடம் மாறும் ஒவ்வொரு முறையும், கருவியைத் தரையில் வைப்பதற்கு முன்பே, இப்போது ஓட வேண்டும் என்றால் எந்தப் பக்கம் என்று திரும்பிப் பார்ப்பது. பதில் தெரியாவிட்டால் அங்கே நிற்கக் கூடாது, தலைவரிடம் கேட்க வேண்டும். நல்ல தலைவர் யாரும் அதற்குக் கோபித்ததில்லை.

பொதுவாகப் பாதுகாப்பான இடம் ஏற்கெனவே முழுக்க எரிந்து கருத்த நிலம். 'ஒரு கால் கருப்பில்' என்பது அங்கே எல்லோர் வாயிலும் வரும் சொல். ஆனால் தரை மட்டும் கருத்து, மேலே இலைகள் பழுப்பாக வாடி நின்றால் அது மறுபடி எரியும். அதை நம்பாதீர்கள். வழியே இல்லாமல் வண்டிக்குள் மாட்டிக்கொண்டால் சன்னலை ஏற்றி, தீத்தடுப்புப் போர்வையை இழுத்து மூடி, தீ கடந்துபோகும்வரை வண்டியை விட்டு இறங்காமல் இருக்க வேண்டும். இதைப் பயிற்சியில் கடிகாரம் வைத்துச் செய்ய வைப்பார்கள். விளையாட்டாக நினைக்காமல் செய்யுங்கள்.

ஒரு நாள் எப்படிப் போகும்

விடிவதற்கு முன் எழுந்து, சாப்பிட்டு, விளக்கக் கூட்டம். நிலவரம், நோக்கம், செயல்முறை, தளவாடம், தலைமை, பாதுகாப்பு என்று வரிசையாகப் போகும். தேசிய சேவையில் உத்தரவு வாங்கிப் பழகியவர்களுக்கு இது வீட்டுச் சாப்பாடு மாதிரி. அப்புறம் வண்டியில் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். பணிநேரம் பன்னிரண்டு மணி என்பார்கள், பயணத்தோடு அதைத் தாண்டிவிடும் நாட்கள் உண்டு.

ஓடும் தீயை நேராகப் பார்க்கும் நாட்கள் குறைவு. பெரும்பாலான நாட்கள் பிளாக்கிங் அவுட். தீ அடங்கிய பிறகு ஓரத்திலிருந்து பல மீட்டர் உள்ளே வரை புகைகிற ஒவ்வொரு கட்டையையும் வேரையும் தேடி, கிளறி, தண்ணீர் விட்டு, மண்ணைக் கலக்கி, கையுறையைக் கழற்றிப் புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு இருக்கிறதா என்று பார்த்து, அடுத்ததற்குப் போக வேண்டும். முதுகில் 16 லிட்டர் தண்ணீர்ப் பை. இது ஒரு வாரம், இரண்டு வாரம் நீளும். சாம்பல் மூக்கில், காதில், சாப்பாட்டில். சலிப்புத் தட்டும்போதுதான் ஒரு வேரை விட்டுவிடுவோம், அந்த வேர் நான்கு நாள் கழித்து வெயில் ஏறும்போது வெளியே வரும். தீயே இல்லாத நாட்களில் பாதை சீர்செய்வது, வேலி, கருவி தீட்டுவது. இலையுதிர்காலத்தில் திட்டமிட்டு எரிப்பது. அதில் எரியும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் தீ மூட்டும் டிரிப் டார்ச்சைக் கையில் கொடுப்பார்கள். மெதுவாக நடந்துபோகும் சிறு தீயை அருகிலிருந்து பார்த்துக் கற்க அதைவிட நல்ல இடம் இல்லை. வாய்ப்பு வந்தால் முன்னால் போய் நில்லுங்கள்.

மரங்களைப் பற்றி நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது. எரிந்த காட்டில் அடிமரம் உள்ளே கூடாகி, வெளியே நல்ல மரம் மாதிரி நிற்கும். காற்று இல்லாமலே விழும், சத்தமே இல்லாமல்கூட விழும். 2013 பிப்ரவரியில் ஹாரியட்வில் தீயில் மரம் விழுந்து இரண்டு தீயணைப்பாளர்கள் இறந்தார்கள். தீ அவர்களைத் தொடவில்லை. இடத்துக்குள் நுழையும்போது தரையைப் பார்ப்பதற்கு முன் மேலே பாருங்கள். ஆபத்து என்று குறியிட்ட மரத்தின் பக்கம் போகாதீர்கள், அதன் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தூரம் தள்ளி இருங்கள். மதியச் சாப்பாட்டுக்கு நிழல் தேடி மரத்தடியில் உட்காரும் நம் பழக்கத்தை அங்கே மறந்துவிட வேண்டும்.

உடல்நலம், பணம், வீடு

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2022இல் தீயணைப்பு வேலையையே புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. பயமுறுத்தச் சொல்லவில்லை, பழக்கத்துக்காகச் சொல்கிறேன். சாப்பிடும் முன் கையும் முகமும் கழுவுங்கள். அழுக்கு உடையோடு தூங்கும் இடத்துக்குப் போகாதீர்கள், அதைத் தனியாகத் துவையுங்கள். புகைக்குள் நுண்துகளை வடிகட்டும் பி2 முகமூடியைப் போடுங்கள், பழைய ஆட்கள் போடாவிட்டாலும் நீங்கள் போடுங்கள்.

பணம் நன்றாகவே வரும், மிகைநேரம் கிடைக்கும் பருவத்தில் இன்னும் நன்றாக. ஆனால் தீ இல்லாத குளிர்ந்த கோடையில் மிகைநேரமே இருக்காது, அதை நம்பி இங்கே கடன் வாங்காதீர்கள். 462 விசாக்காரர்களுக்கு முதல் டாலரிலிருந்தே வரி உண்டு, 45,000 டாலர் வரை 15 விழுக்காடு. ஓய்வூதியக் கணக்கில் முதலாளி போடும் பணத்தை நாட்டைவிட்டுக் கிளம்பிய பிறகு கேட்டு வாங்கலாம், ஆனால் இந்த விசாவில் அதில் 65 விழுக்காடு வரியாகப் போய்விடும். மீதியையாவது விடாமல் கேளுங்கள், பலர் மறந்தே போகிறார்கள்.

கடைசியாக வீட்டில் சொல்வது. மறைக்காதீர்கள். என் அம்மா முதல் ஆண்டு செய்தியில் விக்டோரியா என்ற சொல் வரும்போதெல்லாம் இரவு முழுக்க விழித்திருந்தார், எனக்கோ மூன்று நாள் தொலைபேசியில் சிக்னலே இல்லை, நான் இருந்த இடத்துக்கும் அந்தத் தீக்கும் முந்நூறு கிலோமீட்டர். அடுத்த ஆண்டு அவரை உட்காரவைத்து வரைபடத்தைக் காட்டினேன். எந்த வட்டாரத்தில் இருப்பேன், எத்தனை நாள் சிக்னல் இருக்காது, அவசரம் என்றால் எந்த எண்ணுக்கு அழைப்பது என்று தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். காட்டுக்குள் போகும் முன் 'உள்ளே', வெளியே வந்ததும் 'வெளியே' என்று ஒரே சொல்லில் செய்தி போடுவது என்று பேசிவைத்தோம். பருவம் முடிந்து திரும்பி வந்தபோதும் அந்தத் தாள் அங்கேயே இருந்தது. செய்தி வந்த தேதிகளையெல்லாம் அம்மா அதன் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார்.